பத்து நாற்பத்திரண்டுக்குப் புறப்பட்ட வண்டி

"இப்ப எங்க வந்துக்கிட்டிருக்கு?"

"வரலைங்க சார். நிக்குது."

"நிக்குதுன்னு எழுத இங்க கட்டம் இல்லப்பா. புறப்பட்டது, வந்துகொண்டிருக்கிறது, வந்து சேர்ந்தது. மூணே கட்டம்தான். எதுல எழுத?"

"நேத்து எதுல எழுதுனீங்க?"

"வந்துகொண்டிருக்கிறது."

"அப்ப அதுலயே எழுதிருங்க சார்."

"வேகம்?"

"வேகம் இல்லைங்க."

"சைபர்னு போட்டா மேல கேள்வி கேப்பாங்க. 'மிதமான வேகம்'னு போட்டுக்கிறேன். எதிர்ல ஏதாச்சும்?"

கார்டு மாடசாமி தகர அறையின் கதவு வழியாகத் தலையை நீட்டிப் பார்த்தான். சரக்குப் பெட்டிக்கு முன்னால் கொஞ்சதூரம் தண்டவாளம் கிடந்தது. அது முடிந்த இடத்தில் ஊர்க்காரி ராக்காயியின் பூண்டுத் தோட்டம். தோட்டத்துக்கு அப்பால் மேகம்.

"எதிர்ல வண்டி இல்லைங்க சார். பின்னாலயும் இல்லைங்க."

"தாமதம்?"

"இருநூத்தி நாப்பத்தி மூணு நாளுங்க."

"பாத்து வாப்பா," என்று சொல்லிவிட்டு, திண்டுக்கல் கட்டுப்பாட்டு அறையின் தங்கமுத்து போனை வைத்தார். அவர் முகத்தை மாடசாமி பார்த்ததில்லை. எட்டு மாதமாகக் காலை எட்டு மணிக்குக் கேட்கும் குரல், அவ்வளவுதான்.

போனை வைத்ததும் மாடசாமி பதிவேட்டைத் திறந்து தன் பங்குக்கு எழுதினான். "காலை 8.00. எதிரே வண்டி இல்லை. பின்னே வண்டி இல்லை." தினமும் அதே வரி. முதல் மாதம் கடமையாக எழுதினான். இரண்டாம் மாதம் சலிப்போடு எழுதினான். இப்போதெல்லாம் எழுதி முடித்த பிறகு ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பான். பேச்சு மறந்துவிடக் கூடாதே என்றுதான்.

நடந்தது இதுதான்.

ஈரூடகச் சரக்கு வாரியம் என்று ஒன்று இருந்தது. சாலையில் ஓடும் லாரிப் பெட்டியையே தண்டவாளத்திலும் ஓட வைப்பது அதன் வேலை. பெட்டிக்கு அடியில் டயரும் உண்டு, இரும்புச் சக்கரமும் உண்டு. லிவரை ஒரு பக்கம் தள்ளினால் டயர்கள் மேலே மடங்கி இரும்புச் சக்கரங்கள் இறங்கும், பெட்டி ரயிலாகிவிடும். மறுபக்கம் தள்ளினால் மறுபடி லாரியாகிவிடும். தோட்டத்தில் ஏற்றிய மூட்டையை வழியில் இறக்கி ஏற்றாமல் தொலைதூரச் சந்தை வரைக்கும் கொண்டு போகலாம். நல்ல யோசனை. நல்ல யோசனை என்பதில் வாரியத்துக்கும் சந்தேகம் இல்லாததால், அதை எந்த ஊரில் செய்து பார்ப்பது என்று ஆறு வருடம் கூடிப் பேசினார்கள்.

கடைசியில் வடகவுஞ்சியைத் தேர்ந்தெடுத்தார்கள். கொடைக்கானலிலிருந்து பழனிக்கு இறங்கும் வழியில் இருக்கிற மலைக் கிராமம் அது. அங்கே ரயில் கிடையாது. மேகம் இல்லாத நாளில் மேட்டில் நின்று பார்த்தால் கீழே சமவெளியில் ஒரு ரயில் புழுவைப் போல ஊர்ந்து போவது தெரியும். அந்த ஊருக்கும் ரயிலுக்கும் இருந்த உறவு அவ்வளவுதான்.

சாலையோரத்துச் சமதரையில் அறுபதடி நீளத்துக்குத் தண்டவாளம் போட்டு, பந்தல் கட்டி, போன ஜூலையில் தொடக்க விழா நடத்தினார்கள். வாரியத் தலைவர் பேசினார்.

"தண்டவாளம் உள்ள இடத்தில் ரயில் விட யாராலும் முடியும். அதற்கு ஒரு வாரியம் எதற்கு? தண்டவாளம் இல்லாத இடத்தில் ரயில் விடத்தான் நாங்கள் இருக்கிறோம். இந்த மலையில் ரயில் இல்லையே என்று சிலர் குறைபட்டுக்கொண்டார்கள். அந்தக் குறையை நாங்கள் மிகவும் மதிக்கிறோம். அது இல்லாவிட்டால் எங்களுக்கு இங்கே வேலையே இருந்திருக்காது."

கைதட்டினார்கள். பெட்டியில் ராக்காயியின் பன்னிரண்டு மூட்டைப் பூண்டும், இன்னும் நாலு பேருடைய கேரட்டும் ஏற்றிக் கதவுக்கு சீல் வைத்திருந்தார்கள். லிவரைத் தள்ளினார்கள். இரும்புச் சக்கரங்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்தன. தலைவர் பச்சைக்கொடி காட்டினார். கார்டு மாடசாமி விசில் ஊதினான். போட்டோ எடுத்தார்கள். அதற்குப் பிறகு டயரை மறுபடி இறக்கி, லாரியாகக் கொடைரோடு வரை ஓட்டிப்போய், அங்கே நிஜமான தண்டவாளத்தில் ஏற்றுவதாகத்தான் ஏற்பாடு.

அந்த இடைவெளியில்தான் மாடசாமி ஒரு தப்பு செய்தான். பதிவேட்டில் 'புறப்பட்ட நேரம்' என்ற கட்டம் காலியாக இருந்தது. விழாக்களில் அதைக் காலியாக விடுவதுதான் வழக்கம் என்பது அவனுக்குத் தெரியாது. கடிகாரத்தைப் பார்த்து, 10.42 என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டான்.

வேறொருவன் எழுதியிருக்க மாட்டான். மாடசாமியின் குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட குடும்பம். கப்பலில் வந்து இறங்கியபோது கொடுத்த படிவத்தில் 'சொந்த ஊர்' என்ற கட்டத்தை அவனுடைய தாத்தா காலியாக விட்டார். மூன்று தலைமுறையாகப் பார்க்காத ஊரின் பெயர் அவருக்கு எப்படித் தெரியும். மேசைக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா தன் வாயில் வந்த ஒரு பெயரை எழுதினார். ஆடலூர். அன்றிலிருந்து அவர்கள் ஆடலூர்க்காரர்கள். பிறகு வந்த ரேஷன் கார்டு, பட்டா, சான்றிதழ் எல்லாவற்றிலும் அந்தப் பெயர்தான் தொடர்ந்து வந்தது. மாடசாமியின் அப்பா மகனுக்குச் சொல்லிக் கொடுத்த ஒரே விஷயம் இது: "கட்டத்தக் காலியா விட்டுறாதடா. நீ விட்டா வேற எவனாவது எழுதிருவான். பொய்யும் எழுதாத. அதுவும் நம்ம தலையிலதான் விடியும்."

10.42 என்று எழுதிய உடனே திண்டுக்கல் கட்டுப்பாட்டு அறையில் பலகையில் ஒரு பல்பு எரிந்தது. வாரிய விதி பதினான்கின்படி, புறப்பட்ட ரயில் வந்து சேரும்வரை ரயில்தான். நடுவழியில் அதை லாரியாக்கக் கூடாது. பதிவேட்டில் அடித்தல் திருத்தலும் கூடாது. லாரியின் முன்பக்கத்தை ஓட்டி வந்த டிரைவர் வேல்முருகன் கொக்கியைக் கழற்றிக்கொண்டான்.

"ரயில லாரி இழுக்கக் கூடாதாம்ணே. என் லைசென்ஸப் புடுங்கிருவாங்களாம். நான் வெரசா கெளம்புறேன். நீங்க?"

"நான் எப்படி வர்றது? வண்டி ஓடிக்கிட்டிருக்கே."

ஓடும் வண்டியைக் கைவிட்டுப் போகும் கார்டுக்கு வேலையும் போகும், வழக்கும் வரும். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் கிடைத்த சர்க்கார் வேலை அது. அதிகாரிகள் பந்தலில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு இறங்கிப் போனார்கள். பந்தல்காரர்கள் பந்தலைப் பிரித்துக்கொண்டு போனார்கள். மாடசாமி பெட்டியின் வால்பக்கம் ஒட்டியிருந்த தகர அறையில் உட்கார்ந்திருந்தான்.

அப்படி உட்கார்ந்தவன்தான்.

வேலை இல்லாமல் இல்லை. சாயங்காலம் வால்விளக்கை ஏற்ற வேண்டும், பின்னால் வரும் வண்டி மோதாமல் இருக்க. மூடுபனி இறங்கினால் கால்மணிக்கு ஒருமுறை விசில் ஊத வேண்டும்; அந்த மலையில் மூடுபனி இறங்காத நாள் குறைவு. காட்டெருமைகள் வந்து பெட்டியின் மூலையில் முதுகைத் தேய்த்துக்கொள்ளும். அதையும் எழுதியாக வேண்டும். "தண்டவாளத்தில் விலங்கு. பிரேக் பிடிக்க வேண்டிய தேவை ஏற்படவில்லை." சீசன் நேரத்தில் கார்கள் நிற்கும். "ஹெரிட்டேஜ் டிரெயினா பிரதர்? டிக்கெட் எங்க?" என்று கேட்டு, அவனையும் சேர்த்து செல்பி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். போன பிறகு அமைதி முன்பைவிடக் கெட்டியாக இருக்கும்.

ஊர்க்காரர்கள் பெட்டிக்கு ரெண்டுங்கெட்டான் என்று பெயர் வைத்திருந்தார்கள். நாளடைவில் அது அவனுக்கும் சேர்ந்த பெயரானது.

வண்டியை விட்டு எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கும் ஒரு விதி இருந்தது. வண்டியருகே ஊதும் விசில் காதில் விழும் தூரம். ஊதுகிறவனும் கேட்கிறவனும் ஒரே ஆளாக இருந்தால் அந்தத் தூரத்தை எப்படி அளப்பது என்று விதி சொல்லவில்லை. ராக்காயிதான் ஒருநாள், "இங்க குடு, நான் ஊதுறேன், நீ நட," என்று விசிலை வாங்கிக்கொண்டாள். ராக்காயிக்கு ஐம்பது வயதிருக்கும். பெட்டிக்குள் மாட்டிக்கொண்ட பூண்டின் சொந்தக்காரி. அவள் ஊத ஊத மாடசாமி நடந்தான். தண்ணீர்க் குழாய் வரைக்கும் கேட்டது. டீக்கடை வரைக்கும் கேட்கவில்லை. டீக்கடைக்கு இன்னும் பத்தடிதான் பாக்கி இருந்தது.

உள்ளதை உள்ளபடி எழுதும் பழக்கத்தில் மாடசாமி அதையும் பதிவேட்டில் எழுதினான். பத்தே நாளில் மெமோ வந்தது. பணிக் கருவியை வெளியாளிடம் கொடுத்தது கடும் குற்றம். இன்னொருமுறை நடந்தால் பணிநீக்கம்.

"நானாப்பா வெளியாளு?" என்றாள் ராக்காயி. "இந்த மேடே எங்க பெரியப்பன் காடு. அவுக வந்து ரெண்டு கம்பியப் போட்டுட்டு நான் வெளியாளாம்."

மெமோவைத் தொடர்ந்து ஆய்வுக்கு இணை இயக்குநர் பழனிச்சாமி வந்தார். ஜீப்பிலிருந்து இறங்கியதும் குனிந்து தண்டவாளத்தில் காதை வைத்துக் கேட்டார்.

"சத்தமே இல்லையே."

"நிக்குதுங்களே சார்."

"அதச் சொல்லல. பராமரிப்பு நல்லா இருக்குன்னு சொல்றேன்." எழுதிக்கொண்டார். பிறகு பின்பக்கம் போய்க் கதவைப் பார்த்து நின்றுவிட்டார். இரண்டு கதவுகளுக்கும் நடுவிலிருந்த சந்து நெடுகப் பச்சையாக எதுவோ வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. "இது என்னய்யா?"

"பூண்டுங்க சார். உள்ளயே மொளச்சு, வெளிச்சம் தேடி வெளிய வந்துருச்சு. சீலப் பிரிச்சு அவுக மூட்டைய அவுகளுக்குக் குடுத்துட்டா..."

"சேருமிடத்துலதான்யா சீலப் பிரிக்கணும்." சற்று யோசித்துவிட்டு, "சரக்கில் வளர்ச்சி காணப்படுகிறது," என்று எழுதினார். அந்த வரி ஆண்டறிக்கைக்குப் போனது. எட்டு மாதமாக ஒரு விபத்தும் நடக்காத ஒரே வண்டி என்று பாதுகாப்புக் கேடயமும் வந்தது. மாடசாமி அதைத் தகர அறையில் கண்ணாடிக்குப் பக்கத்தில் மாட்டினான். முகம் மழிக்கும்போது கண்ணாடியில் இரண்டும் தெரியும்.

ராக்காயி கேடயம் எல்லாம் பார்க்கவில்லை. நீட்டிக்கொண்டிருந்த பூண்டுத் தாளை அரிவாளால் அறுத்து மடியில் கட்டிக்கொண்டாள். "வெளிய வந்ததுக்கு சீல் கெடையாதுல்ல. மூட்ட உள்ள கெடக்கட்டும். நான் வாரத்துக்கு ஒருக்கா அறுத்துக்கிறேன்." அன்று மத்தியானம் அவனுக்கும் ஒரு கிண்ணம் துவையல் வந்தது.

மாடசாமியின் மனைவி லெட்சுமி ஆடலூரில் காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்தாள். ஆரம்பத்தில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மூன்று பஸ் மாறிச் சாப்பாடு கொண்டுவந்தாள். பிறகு மாதம் இருமுறை. பிறகு ஒருமுறை. மற்ற நாளெல்லாம் போன்தான். காலையில் ஆள் எண்ணி வேலை பிரிப்பதை அவர்கள் இன்னமும் இலங்கைத் தோட்டத்துப் பேச்சில் பெரட்டு என்றே சொல்வார்கள். பெரட்டுக்குப் போகும் வழியில்தான் அவள் பேசுவாள்.

"என்னங்க, புள்ள படம் வரைஞ்சிருக்கு. ரயிலு. ஜன்னல்ல நீங்க. ஆனா சக்கரமே போடல. ஏன்டின்னு கேட்டா, அப்பா ரயிலுக்கு எதுக்கு சக்கரம்ங்குது."

அவர்களுடைய மகள் சத்தியபிரியாவுக்கு ஐந்து முடிந்திருந்தது. ஜூனில் ஒன்றாம் வகுப்பு. முதல்நாள் பள்ளிக்கூடத்துக்குத் தன் கையைப் பிடித்துத்தான் போக வேண்டும் என்று மாடசாமி சொல்லியிருந்தான். குழந்தை அதை ஊர் முழுக்கச் சொல்லியிருந்தாள். பள்ளிக்கூடத்து டீச்சரிடம்கூட.

"ஜூனுக்கு வந்துருவீங்கள்ல?" என்று லெட்சுமி கேட்டாள். அவள் எப்போதும் அந்தக் கேள்வியைக் கடைசியில், பெரட்டு மணி அடிக்கும் நேரத்தில்தான் கேட்பாள். பதில் வராவிட்டாலும் மணிச் சத்தத்தில் தெரியாமல் போகும் அல்லவா.

அன்றுதான் மாடசாமி தன்னை விடுவிக்கக் கோரி விண்ணப்பம் எழுதினான். பதில் வந்தது.

"கார்டை நிலையத்தில் மட்டுமே விடுவிக்க இயலும். தங்கள் வண்டி தற்போது இரு நிலையங்களுக்கு இடையே உள்ளது. அடுத்த நிலையம் வந்ததும் விண்ணப்பிக்கவும்."

"அடுத்த நிலையம் இல்லை," என்று பதில் எழுதினான்.

வாரியம் ஆடிப்போய்விட்டது. அடுத்த நிலையமே இல்லாமல் ஒரு வண்டி எட்டு மாதமாக ஓடிக்கொண்டிருப்பது எவ்வளவு பெரிய பாதுகாப்புக் குறைபாடு. ஊரைத் தேர்ந்தெடுக்க ஆறு வருடம் எடுத்தவர்கள் ஆறே வாரத்தில் ஒரு நிலையத்தைக் கட்டி முடித்தார்கள். பன்னிரண்டடியில் நடைமேடை. ஒரு கடிகாரம். 'தண்டவாளத்தைக் கடப்பது தண்டனைக்குரியது' என்றொரு பலகை. ஆண்களுக்கும் பெண்களுக்கும் அதிகாரிகளுக்கும் தனித்தனியாக மூன்று காத்திருப்பு அறைகள். கூரை அடுத்த நிதியாண்டில். சாலையும் தண்டவாளமும் சந்திக்கும் இடம் என்பதால் 'வடகவுஞ்சி சந்திப்பு' என்று பெயர் வைத்தார்கள்.

மே மாதக் கடைசியில் திறப்பு விழா. பழனிச்சாமி பேசினார்.

"எத்தனையோ ஊர்களில் ரயில் தாமதமாக வருகிறது. ஏன்? நிலையத்தை முதலில் கட்டிவிட்டு, பிறகு ரயிலுக்காகக் காத்திருக்கிறார்கள். அடிப்படையே தவறு. நாங்கள் ரயிலை முதலில் விட்டோம். அது எங்கே நிற்கிறது என்று பொறுமையாகப் பார்த்தோம். நின்ற இடத்துக்குப் பக்கத்தில் நிலையத்தைக் கட்டினோம். இனி இந்த ரயில் தாமதமாக வர எந்த வழியும் இல்லை."

ஒரு சின்னச் சிக்கல் மட்டும் இருந்தது. வரைபடத்தில் நிலையம் தண்டவாளத்தின் முனையில் இருந்ததால் கான்டிராக்டர் முனையிலேயே கட்டியிருந்தார். பெட்டி பதினெட்டடி பின்னால் நின்றது.

"இழுக்க ஒரு இன்ஜின் அனுப்புங்க சார்," என்றான் மாடசாமி.

"இன்ஜின் ரெடி. அது மேல ஏறி வரத் தண்டவாளம் வேணும். அதுக்கு சர்வே போயிட்டிருக்கு," என்று சொல்லிவிட்டு பழனிச்சாமி ஜீப்பில் ஏறினார்.

மறுநாள் வெள்ளனே ராக்காயி வந்தாள். பின்னால் உருளைக்கிழங்கு தோண்டப் போகிற ஆட்கள், ஆணும் பெண்ணுமாக.

"ஏப்பா மாடசாமி, தள்ளக் கூடாதுன்னு உன் புத்தகத்துல போட்டிருக்கா?"

மாடசாமி புத்தகத்தை முதலிலிருந்து புரட்டினான். போட்டிருக்கவில்லை. 'தகுந்த உந்துவிசை' என்று மட்டும் இருந்தது.

"அப்பறம் என்ன. ஏலே, வெரசா வந்து கைய வைங்கலே. பதினெட்டடிதான். சோலியப் பாக்கப் போகணும்."

மாடசாமி ஓடிப்போய்த் தகர அறையில் ஏறி, வாசலில் நின்று பச்சைக்கொடியை நீட்டி, விசில் ஊதினான். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு எங்கோ ஆழத்தில் இரும்பு முனகியது. எதிரே இருந்த யூகலிப்டஸ் மரம் மெதுவாகப் பின்னால் போக ஆரம்பித்தது. பத்து மாதமாக ஒரே இடத்தில் பார்த்த மரம். அதற்குப் பக்கத்து மரமும் போனது. குளிர்காற்று முகத்தில் பட்டதா, பட்டது போலிருந்ததா என்று அவனுக்குத் தெரியவில்லை. அவன் கண்ணைத் துடைத்துக்கொள்வதற்குள் பயணம் முடிந்துவிட்டது.

பதிவேட்டில் எழுதினான். "உந்துவிசை: இருபத்தேழு பேர்."

எட்டு மணிக்குத் தங்கமுத்து கூப்பிட்டார். "இப்ப எங்க வந்துக்கிட்டிருக்கு?"

"வந்து சேந்துருச்சுங்க சார்."

அந்தப் பக்கம் பதிவேட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"அத நீ சொல்லக் கூடாதுப்பா," என்றார் கடைசியில். "கார்டு சொன்னா செல்லாது. ஸ்டேஷன் மாஸ்டர் சொல்லணும்."

"ஸ்டேஷன் மாஸ்டர் யாருங்க?"

"போடுவாங்க."

போட்டார்கள். பள்ளிக்கூடம் திறக்க மூன்று நாள் இருக்கும்போது ஆணை வந்தது. 'வடகவுஞ்சி சந்திப்பில் நிரந்தரமாக வசிப்பவரும், அந்த வண்டியைப் பற்றிப் பிறரைவிட நன்கு அறிந்தவருமான திரு. மாடசாமி, கூடுதல் பொறுப்பாக நிலைய அதிகாரி பணியையும் கவனிப்பார்.' கூடவே ஒரு வெள்ளைத் தொப்பி.

மாடசாமி தொப்பியை வைத்துக்கொண்டு, 'வந்து சேர்ந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். நிஜமாகவே வந்து சேர்ந்திருந்ததால் அது பொய் இல்லை. பையில் துணியை அடுக்கினான். லெட்சுமிக்குப் போன் செய்து, "நாளைக்கு வந்துருவேன். புள்ளைக்கு வெள்ள சாக்ஸ் நான் வாங்கிட்டு வாறேன்," என்றான். அதற்குப் பிறகுதான் ஆணையின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பினான்.

வந்து சேர்ந்த ரயிலை மறுபடி லாரியாக்கிய பிறகே ஊழியர்கள் நிலையத்தை விட்டுப் போகலாம். லாரியாக்குவதற்கு மாற்றச் சான்று வேண்டும். மாற்றச் சான்றுக்கு, பெட்டியின் இடப்பக்கம் கார்டும் வலப்பக்கம் நிலைய அதிகாரியும் நின்று, ஒரே நேரத்தில் பச்சைக்கொடி காட்ட வேண்டும். பெட்டிக்கு அடியில் குனிந்து ஒருவர் கொடியை மற்றவர் பார்க்க வேண்டும். 'எதிர்ப்பக்கத்துக் கொடியைக் கண்ணால் கண்டேன்' என்று இருவரும் எழுத வேண்டும்.

மாடசாமி தங்கமுத்துவைக் கூப்பிட்டான்.

"இன்னொரு ஆள் அனுப்புங்க சார். ஒரு நிமிசம் நின்னாப் போதும்."

"எந்தப் பதவிக்குப்பா அனுப்பச் சொல்ற? கார்டு இருக்காரு. ஸ்டேஷன் மாஸ்டரும் இருக்காரு. ரெண்டு எடமும் நெரம்பிருச்சு. காலியிடம் இல்ல."

"ரெண்டும் நான்தானங்க."

"அதான் சொல்றேன். காலியா இருந்தாலாவது போடுவாங்க." தங்கமுத்துவின் குரல் முதன்முறையாகத் தணிந்தது. "கோவிச்சுக்காதப்பா. என் பலகையில நாப்பது பல்பு இருக்கு. எரியிறது உன் வண்டி ஒண்ணுதான். அது அணைஞ்சா இந்த ரூமப் பூட்டிருவாங்க. எனக்கு ரிட்டயருக்கு இன்னும் ரெண்டு வருசம் இருக்கு. காலையில யார்கிட்டப் பேசுறது?"

மாடசாமிக்குக் கோபம் வரவில்லை. அதுதான் அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. "சாப்ட்டீங்களா சார்?" என்று கேட்டுவிட்டு வைத்தான்.

அன்று மத்தியானம் மூடுபனிக்குள் அவன் செய்ததை ராக்காயி மட்டும் பார்த்தாள். வலப்பக்கத்துக் கம்பியில் ஒரு கொடியைச் சொருகிவிட்டு, தொப்பியைக் கழற்றிவிட்டு, இடப்பக்கம் ஓடி, இன்னொரு கொடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பெட்டிக்கு அடியில் குனிந்து பார்த்தான். அந்தப் பக்கம் துணி தெரிந்தது. ஆள் தெரியவில்லை. மறுபடி ஓடினான். இந்தப் பக்கமிருந்து குனிந்தான். அந்தப் பக்கம் யாரும் இல்லை. நாலைந்து தடவை சுற்றியவன் நடைமேடையில் உட்கார்ந்துவிட்டான்.

"நான் கொடியப் புடிச்சா உன் வேலை போயிரும். பாத்தேன்னு எழுதித் தொலையேன்ப்பா," என்றாள் ராக்காயி. "யாரு வந்து கேக்கப்போறா?"

"பாக்கலைல்லக்கா."

"அவுக மட்டும் மிதமான வேகம்னு எழுதுறாகள்ல?"

"அது அவுக கட்டம். இது என் கட்டம். எங்க தாத்தாவுக்கு ஒரு ஆளு சும்மா எழுதுனான். நாங்க இன்னும் அந்த ஊர்லதான் இருக்கோம்."

ராக்காயி போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்கிப் போனாள். கொஞ்ச நேரம் போர்வை தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை.

மறுநாள் காலையில் லெட்சுமிக்குப் போனில் சொன்னான். அவன் சொல்லி முடிப்பதற்குள் பெரட்டு மணி அடித்தது.

பள்ளிக்கூடம் திறக்கும் நாள். முந்நூற்றுப் பதினெட்டாவது நாள். விடிந்து ஒருமணி நேரம் இருக்கும். பழனி போகிற முதல் பஸ் மேட்டில் நின்றது. லெட்சுமி இறங்கினாள். அவள் இறக்கிவிட்ட சத்தியபிரியா புதுச் சீருடையில் இருந்தாள். இரட்டைச் சடை, சிவப்பு ரிப்பன், முதுகைவிடப் பெரிய பை. சாக்ஸ் இல்லை.

"ராத்திரியே பண்ணைக்காட்டுல சித்தி வீட்டுக்கு வந்துட்டோம்," என்றாள் லெட்சுமி. "அப்பா கையப் புடிச்சுத்தான் போவேன்னு அழுகை. கையையாவது புடிச்சுட்டுப் போகட்டும்னு கூட்டியாந்தேன். நீங்க வரமுடிஞ்சா, எட்டேகாலுக்குத் திரும்புற பஸ்ஸு. ஆடலூருக்குப் போக மத்தியானமாயிரும். டீச்சர் பரவால்லன்னு சொன்னாங்க."

குழந்தை அவன் விரலைப் பிடித்துக்கொண்டு நிலையம் முழுவதையும் சுற்றிப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். கூரை இல்லாத மூன்று அறைகளையும் எட்டிப் பார்த்தாள். கதவுச் சந்திலிருந்த பூண்டுத் தாளைத் தொட்டு மோந்தாள். பிறகு கேட்டாள்.

"ஏம்ப்பா நீங்க வர முடியாது?"

மாடசாமி சொன்னான். ஐந்து வயதுக்குப் புரிகிற மாதிரிதான் சொல்ல வேண்டும் என்று நினைத்தான். சொல்லிப் பார்த்தபோது அதை வேறு மாதிரி சொல்லவும் வழியில்லை என்று தெரிந்தது. இந்தப் பக்கம் ஒரு ஆள். அந்தப் பக்கம் ஒரு ஆள். ரெண்டு பேரும் கொடி காட்டணும். குனிஞ்சு ஒருத்தர ஒருத்தர் பாக்கணும். அப்பா ஒரு ஆள்தான இருக்கேன்.

சத்தியபிரியா கேட்டுக்கொண்டாள். பையைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தாள். பெட்டிக்கு அடியில் குனிந்து அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். பிறகு சுற்றிக்கொண்டு ஓடினாள். மாடசாமி குனிந்தான். இரும்புச் சக்கரங்களுக்கு இடையில், அத்தனை நாளும் வெறும் புல் மட்டுமே தெரிந்த இடத்தில், சாக்ஸ் இல்லாத இரண்டு சின்னக் கால்கள் வந்து நின்றன. பிறகு ரிப்பன் தெரிந்தது. பிறகு தலைகீழாக ஒரு முகம்.

சாலையில் எங்கோ கீழே பஸ் வளைவில் ஹாரன் அடித்தது. தகர அறைக்குள் எட்டு மணிப் போன் அடிக்க ஆரம்பித்தது. மாடசாமியின் கையில் இரண்டு கொடிகளும் சுருட்டியபடி இருந்தன. லெட்சுமி அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சின்னக் கை ஒன்று பெட்டிக்கு அடியிலிருந்து விரிந்து நீண்டது.

"அப்பா, ஒரு கொடிய என்கிட்டக் குடுங்க. நான் இந்தப் பக்கம் நிக்கிறேன்."